பூட்டியவரே திறக்க வேண்டும்

உட்கார்ந்த இடத்தில் ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்த சரித்திரம் அணிலுக்குக் கிடையாது. பாதியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஆறிப்போனதை அவன் மனைவி எடுத்துக் கொட்டுவாள். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அணிலுக்கு வேலையும் இருந்தது, அதுதான் இன்னும் மோசம்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களுக்குள் உச்சி முதல் அடிவரை கிணறு மாதிரி ஒரு குழி இறங்கும். அதற்குள் கம்பியைப் பிடித்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர்தான் அணில். அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு யாராவது கம்பெனிக்கு வந்தால், அப்படி இங்கே ஆளே இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கத்திக் கூச்சல் போடும் ஒரு வேன் நிறைய பிள்ளைகளை, கண்ணாடியில் பார்க்கும் ஒரே பார்வையில் உட்கார வைத்துவிடுவாள். வீட்டிலிருக்கும் ஒற்றை ஆளை உட்கார வைக்க முடியவில்லையே என்பதுதான் அவளுடைய தீராத குறை.

இப்படிப்பட்டவன் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்குமுன் மொட்டைமாடி மெஷின் அறையில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திய சுவிட்சில் இறங்குகிறவன் தன் பூட்டைப் போட்டு, 'ஆள் உள்ளே' என்ற சிவப்பு அட்டையை மாட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்து அவனேதான் அதைத் திறக்க வேண்டும். முதலாளி சொன்னாலும் வேறொருவன் தொடக் கூடாது. "பூட்டினவன்தான் திறக்கணும்" என்பதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவன் காதிலும் ஓதியவன் அணில்தான். தன் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தபோது அவனுக்கும் ஓதினான்.

ஊருக்குத்தான் உபதேசம். அந்த நாளன்று பூட்டு கீழ்த்தளத்தில், கருவிப் பைக்குள் கிடந்தது. அதை எடுக்க மறுபடியும் இறங்கி ஏற வேண்டும். 'ரெண்டு நிமிஷ வேலை, கதவு ஓடற சக்கரம், ரோலரைத்தானே பார்க்கணும்' என்று அட்டையை மட்டும் சுவிட்சில் மாட்டிவிட்டு, மச்சினனை மெஷின் அறையில் நிறுத்திவிட்டுப் போய் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் இறங்கினான். வேலை முடிந்தது. தளத்துக் கதவைத் தள்ளித் திறந்தான். மேலே இருந்த மச்சினனுக்குக் கதவு திறந்த சத்தம் கேட்டது. மாமா வெளியே வந்துவிட்டார் என்று நினைத்து அவன் அட்டையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டான். எந்தத் தளத்திலோ எவரோ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் நகரும் பழைய லிஃப்ட் அது. பெட்டி கீழே இறங்கியது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அப்போது அணிலைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கால் தளத்தில் இருந்தது. மற்றது பெட்டியின் மேல் சட்டத்துக்குள் சிக்கிக்கொண்டு பெட்டியோடு போனது. முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. மச்சினன் அலறிக்கொண்டே சுவிட்சைத் தட்டி நிறுத்தியதால் உயிர் இருந்தது. காலும் உடம்போடு இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

மருத்துவமனையில் எலும்பு டாக்டரம்மா முழங்காலைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைத்தான் பிடித்தார். நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். அணில் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். அது கொஞ்சம் அசைந்ததும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"ரத்தக் குழாயும் நரம்பும் தப்பிச்சுது. ஜவ்வுதான் போயிடுச்சு" என்றார். "முழங்காலைப் பிடிச்சு நிறுத்தற பெரிய ஜவ்வு நாலு. உங்களுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, மூணும் அறுந்திருக்கு. ஒண்ணு மட்டும்னா வேற கதை. மூணும்னா மூட்டு சும்மா தொங்குது."

"உடனே தச்சுடலாமா டாக்டர்? எப்ப வேலைக்குப் போகலாம்?"

"வீக்கம் வடியட்டும். அதுக்காக ரொம்பத் தள்ளியும் போட முடியாது. வெளிப்பக்கத்து ஜவ்வு சுருங்கிப்போனா அப்புறம் எடுத்துத் தைக்க வராது. வேலையைப் பத்தி நான் இப்ப எதுவும் சொல்லமாட்டேன். மூணும் பிடிச்சுக்கிட்டா லிஃப்ட் மேல மறுபடி நிற்பீங்க. ஒண்ணு தளர்ந்தாலும் நான் அனுப்ப மாட்டேன்."

அணில் மனதில் தைத்தது கடைசி வாக்கியம்தான். குழிக்குள் இறங்காத வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மேஜை, நாற்காலி, தொலைபேசி. அதைவிடக் காலை எடுத்துவிடலாம் என்று தோன்றியது.

வீக்கம் வடிந்ததும் அறுவை சிகிச்சை நடந்தது. அறுந்த முன் ஜவ்வுக்கும் பின் ஜவ்வுக்கும் பதிலாக, தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண்களை உருவி எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதற்குள் இழுத்து, திருகு வைத்து இறுக்கினார்கள். ஒரு காலின் நாண் போதவில்லை. நல்ல காலிலிருந்தும் எடுத்தார்கள். வெளிப்பக்கத்து ஜவ்வைத் தைத்து, அதற்கும் ஒரு துண்டு நாணைத் துணை கொடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்து இரண்டு காலிலும் கட்டு இருப்பதைப் பார்த்த அணில், "நல்ல காலையுமா?" என்று கேட்டான்.

"அது சும்மாதானே இருந்துச்சு, அதனாலதான்" என்றாள் மனைவி. "உங்ககிட்ட சும்மா இருந்தது அது ஒண்ணுதான்."

முழங்காலுக்குத் தொடை நடுவிலிருந்து கணுக்கால்வரை, பட்டைகளால் இறுக்கிக் கட்டும் ஒரு பிரேஸ் மாட்டினார்கள். அதன் இரண்டு பக்கமும் கீல். கீலில் ஒரு வட்டத் திருகு. கால் எவ்வளவு மடங்கலாம் என்பதை அந்தத் திருகில் டாக்டரம்மாவே அளவு வைத்து, ஒரு சின்ன முளையைத் தள்ளிப் பூட்டினார். பூட்டிவிட்டுச் சொன்னார். "இதை நான்தான் திறப்பேன். பயிற்சி குடுக்கப் பிசியோ வரும்போது குப்புறப் படுத்துக்கிட்டு அவர் மடக்கற அளவுக்கு மட்டும் மடங்கணும். ஊன்றக் கூடாது. முக்கியமா மண்டி போடவே கூடாது. மண்டி போட்டா உடம்புக் கனம் கீழ் எலும்பைப் பின்னால தள்ளும். பின் ஜவ்வு அதைத் தாங்காது."

வீட்டுக்கு வந்தான். வீட்டில் உட்காருவது என்றால் என்னவென்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கூடத்துக் கட்டில், தலையணைமேல் கால், எதிரே சுவர். சுவரில் ஒரு கடிகாரம். அதைக் கழற்றச் சொன்னான். கழற்றினாள். கழற்றிய இடத்தில் ஆணி இருந்தது. ஆணி கோணலாக இருக்கிறது என்றான். ரேடியோவைப் போடுவான், அணைப்பான். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுவான், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மறுபடி திருப்பச் சொல்லுவான். குட்டி போட்ட பூனை கூட நடந்து தீர்த்துக்கொள்ளும். இவனுக்கு நடக்கவும் வழியில்லை.

உடம்பு ஓரிடத்தில் கிடந்தால் மனது சும்மா கிடக்குமா? அது திரும்பத் திரும்ப மெஷின் அறைக்குப் போனது. பூட்டில்லாத அந்தச் சுவிட்சுக்கு.

விபத்தை விசாரித்தபோது அணில் ஒரே வாக்கியம்தான் சொல்லியிருந்தான். "நான் மாட்டின அட்டையை அவன் எடுத்தான்." பொய் இல்லை. பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அணில் பூட்டுப் போடாமல் இறங்குவான் என்று சொன்னால் நம்பக்கூட ஆளில்லை. மச்சினனும் வாயைத் திறக்கவில்லை. அவனைக் குழிப் பக்கம் போகவே கூடாதென்று கிடங்கில் நட்டு போல்ட் அடுக்கப் போட்டுவிட்டார்கள்.

அவன் அக்கா வீட்டுக்கு அடிக்கடி வந்தான். வந்தால் வாசலோடு சரி. அணில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வான்.

"மாமா, ஒரு வார்த்தை..."

"பூட்டினவன்தான் திறக்கணும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போடா."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போவான். போனபிறகு அணிலுக்கு உடம்பெல்லாம் எரியும். கோபம் யார்மேல் என்று அவனுக்கே நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்னும் சத்தமாகக் கத்தினான். இரண்டு பேருக்கும் நடுவில் மனைவி மத்தளம் மாதிரி இருபக்கமும் அடி வாங்கினாள்.

வாரங்கள் போயின. வலி குறைந்தது, ஊன்றுகோல் வந்தது. வலி போனதும் அறிவும் கூடவே போனது. மூன்றும் புதுக் கயிறுதானே, லிஃப்டுக்குப் புதுக் கயிறு போட்டால் என்ன செய்வோம் என்று அணில் யோசிக்க ஆரம்பித்தான். சும்மா நிறுத்தி வைத்தால் கயிறு படியாது. ஓட்ட வேண்டும். ஓட ஓடத்தான் அது இழுபட்டு இடத்தில் உட்காரும்.

"டாக்டரம்மா பயப்படறாங்க" என்றான். "கயிறை ஓட்டிப் பழக்கணும். நான் எத்தனை லிஃப்டுக்குக் கயிறு மாத்தியிருக்கேன்."

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள் அவள், வேன் சாவியை எடுத்துக்கொண்டே. "லிஃப்டுக்கும் முழங்காலுக்கும் போடறவரை இப்பத்தான் பார்க்கறேன். பேசாம படுங்க. பிள்ளைங்களை விட்டுட்டு வந்துடறேன்."

அவள் போனாள். அணில் படுத்தான். வெளியே லிஃப்ட் வந்து நின்றது.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் வேறொரு கம்பெனியுடையது. அதன் கதவு மூடும்போது கடைசியில் ஒரு கரகரப்பு. அடியில் கதவு ஓடுகிற பள்ளத்தில் மண்ணோ கல்லோ சேர்ந்திருக்கிறது. ஒரு குச்சியால் சுரண்டி எடுத்தால் போதும். நாள் பூராவும் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்தக் கதவை மூடிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கரகரப்பும் அவன் பல்லுக்குள் கேட்டது. தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். தலையணைக்குள்ளும் கேட்டது.

எழுந்தான். சமையலறையிலிருந்து ஒரு பழைய ஸ்பூனை எடுத்துக்கொண்டான். ஊன்றுகோலோடு லிஃப்ட் வாசலுக்கு வந்தான். பள்ளம் தரையில் இருக்கிறது, தரைக்குப் போகக் கால் மடங்க வேண்டும், கால் மடங்கப் பிரேஸ் விடவில்லை. முளையையும் திருகையும் பார்த்தான். அவன் கை பழகாத பூட்டா? ஸ்பூனின் காம்பால் ஒரு நெம்பு. முளை நகர்ந்தது. திருகு சுற்றியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினான். அடிபட்ட காலைத்தான் மடக்கி மண்டியிட்டான். எத்தனையோ வருஷப் பழக்கம், அந்தக் கால்தான் முதலில் கீழே போகும். முழங்கால் தரையில் பட்டது. உடம்புக் கனம் மெல்ல அதன்மேல் இறங்கியது. உள்ளே, பின்பக்கம், ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. வலிகூட அவ்வளவாக இல்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அணிலுக்கு அந்த உணர்வு தெரியும். கயிறு நழுவும்போது பெட்டியின் தலையில் நிற்கிறவனுக்குப் பாதத்தில் தெரிகிற உணர்வு அது. வேர்த்துக் கொட்டியது. எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. பள்ளத்தில் ஒரு சின்னக் கல், உடைந்த குழந்தை வளையல் துண்டு ஒன்று. இரண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே மனைவி. காலடியில் புருஷன்.

அவள் கத்தவில்லை. முதலில் ஊன்றுகோலைப் பார்த்தாள், பிறகு திறந்திருந்த திருகை. "உங்க அட்டையை எடுத்தான்னு என் தம்பியை வாசப்படி தாண்ட விடல" என்றாள். "டாக்டரம்மா போட்ட பூட்டை எவன் திறந்தான்?"

அவனைத் தாண்டி வெளியே வந்தாள். கதவு ஓசையே இல்லாமல் மூடிக்கொண்டது.

டாக்டரம்மா காலை மடக்கி வைத்து, கீழ் எலும்பை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளிப் பார்த்தார். நல்ல காலையும் அதேபோல் தள்ளிப் பார்த்தார். மறுபடி முதல் கால்.

"திருகு தானா நகர்ந்துச்சா?" என்று கேட்டார். தப்பிக்க அவரே ஒரு சந்து விட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று சொல்ல அணில் வாயெடுத்தான். மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் திறந்தேன். மண்டி போட்டேன்" என்றான். "புதுக் கயிறு ஓடினாத்தான் படியும்னு நினைச்சேன்."

"லிஃப்ட்ல கயிறு இழுபட்டுத் தளர்ந்தா என்ன பண்ணுவீங்க?"

"முனையில நட்டு இருக்கும். இறுக்குவோம்."

"முழங்கால்ல நட்டு எங்க இருக்குன்னு காட்டுங்க, நானும் இறுக்கறேன்." அவர் குரலில் கேலி இல்லை, களைப்புத்தான் இருந்தது. "உள்ள வச்சிருக்கறது கயிறு இல்ல. செத்த நாண். அதுல ரத்தம் ஓடி உயிர் பிடிக்கணும். உயிர் பிடிக்கறதுக்கு முன்னாடி அது வச்ச அன்னிக்கு இருந்ததைவிடப் பலவீனமாகும். நீங்க திறந்தது சரியா அந்த நேரத்துல. முன்னாடியும் வெளிப்பக்கமும் பிடிச்சிருக்கு. பின்னாடி கொஞ்சம் தளர்ந்திருக்கு. அறுந்துடல. இதோட நின்னா பிழைச்சீங்க. இன்னும் கொஞ்சம் தளர்ந்தா மறுபடி திறந்து, மறுபடி நாண் தேடணும். எடுக்க உங்க உடம்புல நல்ல நாண் அதிகம் மிச்சமில்ல."

திருகை மறுபடி முதலிலிருந்து பூட்டினார்.

திரும்பும்போது பள்ளிக்கூட வேனின் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எதிர் சீட்டின் முதுகில் எந்தப் பிள்ளையோ பேனாவால் மீசை வைத்த முகம் வரைந்திருந்தது. காலடியில் மறந்துபோன ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அது உருளுகிற சத்தத்தைத் தாங்க முடியாமல் குனிந்து எடுக்கப் பார்த்தான். குனிய முடியவில்லை. உருளட்டும் என்று விட்டான். பாட்டில் உருண்டது, முட்டியது, மறுபடி உருண்டது.

"அன்னிக்கு நான் பூட்டு போடல" என்றான்.

"என்னிக்கு?"

"அடிபட்ட அன்னிக்கு. பூட்டு கீழே பையில இருந்துச்சு. அட்டையை மட்டும்தான் மாட்டினேன். பூட்டியிருந்தா அவன் நினைச்சாலும் சுவிட்சைப் போட்டிருக்க முடியாது."

வேன் ஓரமாகப் போய் நின்றது. அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். பிள்ளைகளை உட்கார வைக்கும் அந்தப் பார்வை.

"அவனுக்குத் தெரியுமா?"

"அட்டையைக் கழட்டினவனுக்குப் பூட்டு இல்லைன்னு தெரியாதா?"

"என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்." ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். "நான் எவ்வளவு திட்டினேன். நீங்க திட்டினதுக்கு மேல நான் திட்டினேன். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டானே."

அணிலுக்கும் கண் நிறைந்தது. வெட்கத்தில் முகம் சுட்டது. எழுந்து எங்காவது போய்விடலாம் என்றால் காலில் டாக்டரம்மாவின் பூட்டு. "அவனை வரச் சொல்லு" என்றான். "என் பூட்டையும் பையிலேருந்து எடுத்துட்டு வரச் சொல்லு. முதல்ல கம்பெனிக்குப் போனைப் போட்டுக் குடு."

மச்சினன் வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்தான். அணில் சொல்ல வேண்டியதைச் சொன்னான். கம்பெனிக்குச் சொல்லிவிட்டதையும் சொன்னான். மச்சினன் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் நான் அட்டையை எடுத்திருக்கக் கூடாது மாமா" என்றான்.

"கூடாதுதான். தப்பைப் பாதியாப் பங்கு போட்டுக்கலாம்." அணில் பித்தளைப் பூட்டை வாங்கி, பிரேஸின் திருகுக்கும் பட்டை வளையத்துக்கும் நடுவில் கோத்து அழுத்தினான். சாவியை மச்சினன் கையில் வைத்தான். "டாக்டரம்மா திறக்கச் சொல்ற அன்னிக்கு நீ வந்து திற. பிசியோ வந்து பட்டையை அவிழ்க்கற நேரத்துக்கும் வா. நான் கெஞ்சினாலும் அதட்டினாலும் குடுக்காதே. கெஞ்சுவேன்."

கெஞ்சினான். அதட்டினான். ஒருநாள் நெஞ்சு வலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். சாவி வரவில்லை.

பின் ஜவ்வு அதற்குமேல் தளரவில்லை. தளர்ந்தது தளர்ந்ததுதான். டாக்டரம்மா தள்ளிப் பார்த்த கடைசி நாளில் சொன்னார். "நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம். ஆனா மண்டி போட்டுச் செய்யற வேலை இனிமே இல்ல. லிஃப்ட் தலையில நிக்கற வேலையும் இல்ல." கேட்டுக்கொண்டான். அன்று மாலை பாதி டீ குடித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனவன், வெகுநேரம் கழித்துத்தான் இறங்கிவந்தான். மனைவி ஆறிப்போன மீதியை எடுத்துக் கொட்டினாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒரு பழைய கட்டடத்தில் கதவு ரோலர் மாற்ற வேண்டியிருந்தது. மெஷின் அறையில் மச்சினன் சுவிட்சை நிறுத்தினான். தன் பூட்டைப் போட்டான், அட்டையை மாட்டினான், சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அதன் பக்கத்திலேயே அணில் தன் பித்தளைப் பூட்டையும் போட்டான்.

"ஒண்ணு போதுமே மாமா."

"நீ போடா."

அவன் இறங்கிப் போனான். இரண்டு பூட்டுத் தொங்குகிற சுவிட்சுக்குக் காவல் எதற்கு? யாரும் அங்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அணில் அதன் முன்னால் நின்றான். கால் குடைந்தது. வெளியே காற்றில் ஏதோ தகரம் அடித்துக்கொண்டது, போய்ப் பார்க்கலாம் போலிருந்தது. போகவில்லை. கீழே ஸ்பேனரால் இரும்பைத் தட்டும் சத்தம். அது நின்றது. தளத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அணில் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மாமா," குழிக்குள்ளிருந்து குரல் ஏறி வந்தது, "அங்கதான் இருக்கீங்களா?"

"இங்கதான்டா இருக்கேன்" என்றான் அணில். "நீ மெதுவா வா."